ஹலீமா வீடு

ஹலீமாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மூன்றாவது நாள் காலையில் மாரியப்பன் கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். கூட நான்கு பேர். முதலில் டீ கேட்டார்கள். குடித்துவிட்டு முன்கட்டின் ஓடுகளை இறக்கத் தொடங்கினார்கள். பதினோரு மணிக்கு வீட்டுக்குள் வெயில் விழுந்தது.

இந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நான் நீடாமங்கலத்துக்காரன். எங்கள் பக்கம் அந்த வழக்கம் இல்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நிக்காஹ் முடிந்து இங்கே வந்தபோது எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு நாள் இருந்தேன். பிறகு ஷார்ஜாவுக்குத் திரும்பிவிட்டேன். அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அடுத்த லீவுக்கு நான்கு மாதம் இருக்கும்போது ஹலீமாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினாறு நாள் கிடந்தாள். அடுத்த லீவை முன்னாலேயே வாங்கி, டிக்கெட் கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது.

புருஷன் இறந்தால் பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மனைவி இறந்த ஆணுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நான்காம் நாள் கடைத்தெருவுக்குப் போனேன். பிளேடு வாங்கினேன். கடைக்காரர் பாக்கிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டைப் பிரிப்பது பற்றி மாமா, ஹலீமாவின் அத்தா ஜெக்கரியா, முப்பத்தைந்தாம் நாள் என்னிடம் சொன்னார். நாகப்பட்டினத்தில் இருபது வருடம் இரும்புக் கடை வைத்திருந்தவர். குரல் பெரிது. அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"தஹ்மீனாவுக்கு முடிச்சிடலாம்னு இருக்கோம், மாப்பிள்ளை."

தஹ்மீனா ஹலீமாவின் தங்கை. பத்தொன்பது வயது.

"வீட்டைக் கொஞ்சம் பிரிச்சுக் கட்டணும். ஓடெல்லாம் வேணாம், கான்கிரீட் போட்டுடலாம். அறையோட சேந்தாப்புல ஒரு பாத்ரூம். நீங்க கூட நின்னு பாத்துக்கங்க. நீங்க படிச்சவங்க, இவனுங்க ஏமாத்த முடியாது."

"மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் என்ன சொன்னாங்க மாமா?"

"அவங்க ஒண்ணும் கேக்கல. ஜெகபர் அலி பாய் பெரிய மனசோட பேசி முடிச்சிட்டாரு. லீவு முடியறதுக்குள்ள நிக்காஹ வச்சிடணும். அவ்வளவுதான்."

ஜெகபர் அலி என் பெரியத்தா. அத்தா, உம்மா இல்லாத என்னை வளர்த்து மன்னார்குடிக் கல்லூரியில் பி.காம். படிக்க வைத்தவர். அக்கம்பக்கத்து ஊர்களில் பதினைந்து கல்யாணமாவது பேசி முடித்திருப்பார். தஹ்மீனாவுக்கும் எங்கேயோ ஒரு சபுராளியைப் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெளிநாட்டில் சம்பாதிக்கிறவனை இங்கே சபுராளி என்பார்கள். சபுராளி கல்யாணம் லீவுக் கணக்கில்தான் நடக்கும். என்னுடையதும் அப்படித்தான் நடந்தது. அதனால் மேலே கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டேன்.

"அந்த அறைய மட்டும் கடைசியா வச்சுக்கலாமா மாமா?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அது உங்க அறை, மாப்பிள்ளை. உங்க இஷ்டம்."

பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு கட்டில், ஒரு பீரோ, தெருவைப் பார்க்காத ஒரு ஜன்னல். ஹலீமாவை எனக்கு அந்த அறைக்குள்தான் தெரியும். வெளியே அவள் மாமியின் மகள், தஹ்மீனாவின் ராத்தா. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நடப்பாள், என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் வளையல்களைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வரிசையாக வைப்பாள். பிறகு பேச ஆரம்பிப்பாள். ஷார்ஜாவில் மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு நாள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் அங்கே இருந்துகொண்டு அதைக்கூடப் பார்க்கவில்லையா என்று சிரித்தாள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அறைதான். அது இருக்கிற வரைக்கும் அதில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

ஆனால் அறையைக் கடைசியாக வைத்துக்கொள்வது மாரியப்பனுக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி, நானும் மஸ்கட்ல ரெண்டு வருஷம் வேல பாத்தவன். எந்த ஊர்லயும் ஒரு வீட்டுக்கு முக்கா தலைக்குக் கான்கிரீட்டு, கா தலைக்கு ஓடுன்னு கெடையாது. சென்ட்ரிங்க ஒரே தடவையா அடிச்சு ஒரே நாள்ல ஊத்தணும். பாதியில நிறுத்துனா ஒட்டுப் போட்ட எடத்துல தண்ணி எறங்கும்."

"இறங்கட்டும். மாமாகிட்ட பேசிட்டேன்."

"பாய் சரின்னா எனக்கென்ன. மாப்பிள்ள சொன்னா அப்பீல் ஏது."

கமலவல்லி என்ற சித்தாள் கல் கூடையோடு எங்களைத் தாண்டிப் போனாள். நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாது.

"ஒரு அறைக்காவ இம்மாம் பேச்சா? கொத்தனாரு ஊட்டுல மூணு வருஷமா கதவே இல்ல, சாக்குதான் தொங்குது. அதக் கேளுங்க தம்பி."

"நீ ஒழுங்கா வேலைக்கு வந்தியின்னா நான் கதவு போடுவேன். நடவுன்னா வயலுக்கு ஓடிப்போயிடற."

"வயல்ல தண்ணி நிக்கிது, நாத்து முத்துது. ஒங்க செங்கல்லு முத்திப்போவுமா? அங்க மதியச் சோறும் உண்டு. இங்க டீத்தண்ணியத் தவுர என்னத்தக் கண்டேன்?"

உள்ளேயிருந்து மாமி கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல. மறுநாளிலிருந்து எல்லாருக்கும் மதியச் சோறு வந்தது. கொடுவா மீன் ஆணம், முருங்கைக்கீரை. வீட்டின் பின்கட்டில் அடுக்களையும் ஒரு சின்ன அறையும் மட்டும் மிஞ்சியிருந்தன. மாமா, மாமி, தஹ்மீனா மூன்று பேரும் அதற்குள் ஒடுங்கியிருந்தார்கள். எனக்கு மட்டும் முழு அறை. மாமி தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு நான் சாப்பிட்டு முடிக்கும் வரை நின்றிருப்பார்கள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க."

"போதும் மாமி."

"அவ இருந்தா போதும்னு விடுவாளா?"

போட்டுக்கொள்வேன்.

தஹ்மீனா என் கண்ணில் படுவதில்லை. முன்பெல்லாம் "மச்சான், ஷார்ஜால ஐஸ்க்ரீம் எவ்வளவு?" என்று அறை வாசலில் வந்து நிற்பாள். ராத்தா இறந்த பிறகு திரைக்குப் பின்னால் போய்விட்டாள். எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. அக்காள் உயிரோடு இருக்கும் வரை தங்கையை நிக்காஹ் செய்யக் கூடாது. அக்காள் போய்விட்டால் தங்கைக்கு அக்காள் புருஷன் அந்நிய ஆண். மார்க்கச் சட்டம் அது. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

புரட்டாசி பிறந்த வாரம் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. முன்கட்டில் கான்கிரீட் போட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதைத் தாங்கிய முட்டுக் கம்புகளை இன்னும் பிரிக்கவில்லை. முற்றத்துப் பக்கம் திறந்து கிடந்தது. பின்கட்டிலும் ஓடு நகர்ந்திருந்ததால் ஒழுகியது. மாமி அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டார்கள். தஹ்மீனா வரவில்லை. ஒழுகுகிற அடுக்களையிலேயே நின்றுகொண்டாள். கூப்பிட்டும் வரவில்லை.

மாமி கட்டிலில் உட்கார்ந்தார்கள். தலைமாட்டுச் சுவரில் ஒரு எண்ணெய்க் கறை. ஹலீமா சாய்ந்து உட்கார்ந்து பேசுகிற இடம். வட்டமாக, கொஞ்சம் பழுப்பாக இருக்கும்.

"எண்ணெயக் கொட்டிக்கிட்டுத்தான் நிப்பா. சொன்னாக் கேக்க மாட்டா," என்று உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்கள். மழை விடும் வரைக்கும் எடுக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து பாத்ரூமுக்கு அளவெடுக்க மாரியப்பன் அறைக்குள் வந்தார். கமலவல்லி நூலின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். மாரியப்பன் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த எடத்துல காரையக் கொத்தி எடுத்துடணும் தம்பி. எண்ணெ ஏறுன செவுத்துல சுண்ணாம்பு நிக்காது. எத்தன கோட்டு அடிச்சாலும் உரிஞ்சு வரும்."

"எப்போ?"

"திங்கக்கெழம. இதுக்கு மேல தள்ள முடியாது. கக்கூஸு எது வாங்கலாம்? பாய் ஒங்களக் கேக்கச் சொன்னாரு. குந்துறதா, ஒக்காருறதா? ஒக்காருற மாடல்னா ஆபீசரு மாதிரி இருக்கும். பேப்பர் படிக்கலாம்."

"வர்ற மாப்பிள்ளைக்கு எது பழக்கம்னு தெரியலையே. மாமாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

கமலவல்லி நூலை விட்டுவிட்டு வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள்.

"கேட்டியா கொத்தனாரே. தனக்கு எது பழக்கம்னு மாமனாரக் கேட்டுத்தான் சொல்லுவாராம். இப்பிடி ஒரு மாப்பிள்ள எனக்கு வாய்ச்சிருக்கக் கூடாதா?"

நானும் சிரித்தேன். எதற்கு என்று தெரியாமல்தான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாரியப்பன் சிரிக்கவில்லை.

"கமலம், நீ போயி மணலு சலி."

"நான் என்னத்த..."

"போ."

அவள் போனாள். மாரியப்பன் நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம் தம்பி. ஊருக்கே தெரியும்."

கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. நீடாமங்கலத்துக்குப் போட்டேன். பெரியத்தா எடுத்தார்.

"யாருக்கு மாப்பிள்ளை பேசியிருக்கீங்க பெரியத்தா?"

"எந்தப் பேச்சுடா?"

"தஹ்மீனாவுக்கு."

மீட்டரில் எண் ஓடியது.

"ஜெக்கரியா ஒன்கிட்ட சொல்லலயா? அவரு சொல்லியிருப்பாருன்னு நான் இருந்தேன்."

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு அவரு இருந்திருக்காரு."

"மாப்பிள்ளைகிட்ட மாமனாரு நேரா பேசுறது மரியாதயாடா? நாங்க பெரியவங்க பேசிக்கிட்டோம். டேய் சாதிக், இதுல ஒன்னக் கேக்குறதுக்கு என்ன இருக்கு? அதே வீடு, அதே மாமி. ஒனக்கு இருபத்தேழு வயசு. எத்தன நாளைக்குத் தனியா கெடப்ப? அந்த மனுசனும் பெரிய மனசோட குடுக்குறாரு. வேற எவனாவது குடுப்பானா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பூத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில், சரி என்றுதான் நினைத்தேன். சரி என்று சொன்னால் நான் எங்கேயும் போக வேண்டாம். மாமி தட்டை வைத்துவிட்டு நிற்பார்கள். இப்போது போலவே தினம் கபுறுஸ்தானுக்கு, அவள் அடக்கமான இடத்துக்குப் போய் வரலாம். அறையைக் கொத்தினாலும் அதே நான்கு சுவர்தான். இல்லை என்றால், மனைவி இல்லாத வீட்டில் நான் யார்? எந்த முறையில் அந்த வாசலில் செருப்பைக் கழற்றுவேன்?

மறுநாள் மாமி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். பின்னால் கைபம்ப்பில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மச்சான். உங்களுக்குத் தெரியாதாமே."

"யாரு சொன்னா?"

"கமலவல்லி அக்கா."

பம்ப்பை விட்டுவிட்டு நின்றேன்.

"நீங்க ஒத்துக்கிட்டதா அத்தா சொன்னாங்க. அறையக் கடைசியா பிரிக்கச் சொன்னீங்கன்னதும் உம்மா அழுதுட்டாங்க. திரும்ப அங்கதான குடியிருக்கப் போறாரு, அதான் பாத்துப் பாத்துப் பண்றாருன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"என்னை யாரு கேட்டா?"

"நான் கேக்கறேன்."

கதவு லேசாக அசைந்தது. அவள் அதில் சாய்ந்திருக்க வேண்டும்.

"உங்க லெட்டர் வந்தா ராத்தா எனக்குப் படிச்சுக் காட்டுவா. எல்லாத்தையும் இல்ல. முக்காவாசி. பக்கத்துல படுத்துக்கிட்டுக் கேப்பேன். எந்த வரியில அவ சிரிச்சா, எந்த வரிய என்கிட்ட படிக்காம தாண்டுனா, எல்லாம் எனக்குத் தெரியும். அதே ஆளோட நான் எப்படி மச்சான் இருக்கறது?"

ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டேன்.

"உங்களைப் பிடிக்காம இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கல."

"அத்தாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா அடிப்பாங்க, அப்புறம் நிக்காஹ்வும் நடக்கும். நீங்க சொன்னா நின்னுடும். ஆனா பழியெல்லாம் உங்க மேலதான் வரும்."

"வரட்டும்."

"அப்புறம் இந்த வீட்டுக்கு நீங்க வர முடியாது மச்சான்."

"தெரியும்."

கதவுக்குப் பின்னால் அழுகிற சத்தம் கேட்டது. அழுதது யாருக்காக என்று தெரியவில்லை. பம்ப்பை அடித்து மறுபடியும் கை கழுவினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் மாமாவிடம் சொன்னேன். முற்றத்தில் உடைத்துப்போட்ட கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். தலையில் தொப்பியோடு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் புரியவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன்.

"என் பொண்ணுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல மாமா. என்னாலதான் முடியல."

"ஊரெல்லாம் சொல்லிட்டேன். ஜமாஅத்துல சொல்லிட்டேன். கூரையப் பிரிச்சுப் போட்டுட்டு மூணு பேரும் அடுப்புப் பக்கத்துல கெடக்கறோம். யாருக்காக?"

"தெரியும் மாமா."

"என்ன தெரியும் உங்களுக்கு?" பெரிய குரல் திரும்பி வந்துவிட்டது. வேலைக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். "ஐம்பது நாள் இருந்தீங்க நீங்க. நான் இருபத்தோரு வருஷம் வளத்தவன். நான் எந்திரிச்சு நடக்கலையா? கடைத்தெருவுக்குப் போகலையா? சோறு திங்கலையா? உங்களுக்கு மட்டும்தான் முடியலையோ?"

ஐம்பத்திரண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் மாரியப்பனைப் பார்த்தார்.

"திங்கக்கெழம வரைக்கும் எதுக்கு? அந்த அறைய இன்னிக்கே பிரிச்சிடுங்க."

மாரியப்பன் அசையவில்லை. "பாய், தம்பி சாமானெல்லாம் உள்ள..."

"எடுத்துக்குவாரு."

எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. ஒரு பை. ஹலீமாவின் துணி, வளையல் எதையும் தொடவில்லை. அதெல்லாம் அவர்கள் வீட்டுப் பொருள். கட்டிலை மாரியப்பனும் நானும் சேர்ந்து வெளியே தூக்கினோம். ஒரு ஆள் மேலே ஏறி முதல் ஓட்டை எடுத்தான். அது கைமாறிக் கைமாறிக் கீழே வந்தது.

"மன்னிச்சுக்கங்க தம்பி," என்றார் மாரியப்பன். "பொழப்பு."

"செவுத்தப் பாத்துக் கொத்துங்க. பழைய செவுரு."

பக்கவாட்டுச் சந்து வழியாக வெளியே வந்தேன். முன்வாசல் வழியாகப் போக மனம் வரவில்லை. மாமி அங்கே நின்றிருந்தார்கள். எனக்கு முன்பே வந்து நின்றிருக்க வேண்டும். ஜன்னத் பீவி என்று ரேஷன் கார்டில் பெயர். நான் இங்கே இருந்த நாட்களில் அவர்கள் வீட்டைத் தாண்டி வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

"நாலு மணி பஸ்ஸா?"

"ஆமா மாமி."

"நீங்க சொன்னது சரிதான். சின்னவளும் முடியாதுன்னுதான் நெனச்சிருப்பா. எனக்குத்தான் மனசு கேக்கல. ஒருத்தியக் கொண்டு போயிட்டாங்க, நீங்களாவது வீட்ல நடமாடிக்கிட்டு இருப்பீங்கன்னு பாத்தேன்."

நான் பையைக் கை மாற்றிக்கொண்டேன்.

"தங்கச்சி அந்நியமாயிடுவா. மாமி அந்நியமாக மாட்டா. மார்க்கத்துல நான் மௌத்தாகுற வரைக்கும் உங்களுக்கு மாமிதான். அத யாரும் மாத்த முடியாது." சொல்லிவிட்டுச் சந்தின் முனையைப் பார்த்தார்கள். "ஆனா இங்க வராதீங்க. நாளைக்கு வேற ஒருத்தரு இருப்பாரு. அவருக்கு நல்லாருக்காது."

"வர மாட்டேன் மாமி."

உள்ளே காரை சரியும் சத்தம் கேட்டது. மாமி சுவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒண்ணு கேக்கணும் உங்கள. பொம்பளைங்க கபுறுக்குப் போக முடியாது. உங்க மாமாவக் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. நீங்க தெனம் போறீங்கல்ல. எந்த எடத்துல வச்சிருக்காங்க?"

"வாசல்ல நுழைஞ்சதும் வலது பக்கம். மூணாவது வரிசை. கடைசிக்கு முந்தின இடம்."

"பக்கத்துல யாரு?"

"ஒரு பக்கம் வயசானவங்க யாரோ. இன்னொரு பக்கம் சின்னப் பிள்ளை கபுறு. ரெண்டடிதான் இருக்கும்."

"பிள்ளைன்னா பரவால்ல. அவளுக்குப் பிள்ளைங்கன்னா உசிரு. நெழல் உண்டா?"

"மத்தியானம் வரைக்கும் உண்டு. அப்புறம் வெயில்."

"அன்னிக்கு மழை பேஞ்சுச்சே?"

"தலைமாட்டுல கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. மண்ணு எடுத்துப் போட்டேன்."

"கையாலயா?"

"கையாலதான்."

மாமி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார்கள். வலது பக்கம், மூணாவது வரிசை, கடைசிக்கு முந்தினது. பாடம் பண்ணுவது மாதிரி இரண்டு தடவை. பிறகு கண்ணைத் திறந்தார்கள்.

"நீங்க ஒண்ணுமே கேக்கலையே என்கிட்ட. வந்த நாள்லேர்ந்து. நான்தான கூட இருந்தேன், கடைசி வரைக்கும். குளிப்பாட்டுனதும் நான்தான். கேப்பீங்க கேப்பீங்கன்னு ஒவ்வொரு வேளையும் தட்டை வச்சுட்டு நின்னேன்."

நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டிப் போனது.

பையைக் கீழே வைத்தேன்.

"முகம் எப்படி இருந்துச்சு மாமி?"

மாமி சொல்லத் தொடங்கினார்கள்.